களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளம்: மகசூல் கூடுமா, குறையுமா?

"மருந்து அடித்தாலும் பயிர் சாகாது, களை மட்டும் சாகும், மகசூலும் கூடும்." மக்காச்சோள விதை விற்கும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. களையெடுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் விவசாயிக்கு இது நல்ல சேதியாகத்தான் தெரியும். ஆனால் இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. களைக்கொல்லியைத் தாங்குவது ஒரு குணம். களை சாவது அந்த மருந்தின் வேலை. மகசூல் என்பது விதையின் பெற்றோர், மண், தண்ணீர், உரம், களை, பூச்சி எல்லாம் சேர்ந்து கொடுக்கும் கணக்கு. தாங்கும் குணம் அந்தக் கணக்கில் எந்த இடத்தில் கூட்டுகிறது, எந்த இடத்தில் கழிக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பயிர் மருந்துக்குச் சாகாமல் இருந்தால் அதைத் 'தாங்கும் திறன்' என்போம். களை சாகாமல் இருந்தால் அதை 'எதிர்ப்புத் திறன்' என்போம். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். ஒன்று நமக்கு லாபம், மற்றது நஷ்டம் என்பதால் பிரித்துச் சொல்வது நல்லது.

களை எப்போது மகசூலைத் தின்கிறது?

மக்காச்சோளம் வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் பிறகு முளைக்கும் களை பெரிய தொல்லை இல்லை. ஆபத்து எல்லாம் விதைத்த 15ஆம் நாளிலிருந்து 45ஆம் நாள் வரைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2007 முதல் 2013 வரை நடந்த வயல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், களையைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் மக்காச்சோள மகசூலில் சராசரியாகப் பாதி போய்விடும் என்று தெரிந்தது. நம் ஊரில் சாரணையும் தொய்யக்கீரையும் கோரையும் மண்டிய வயலைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

கதிரில் எத்தனை மணி வரிசை வரும் என்பது கதிர் கண்ணில் படுவதற்கு வெகு முன்னதாக, பயிர் ஏறத்தாழ 7, 8 இலையோடு நிற்கும்போதே முடிவாகிவிடுகிறது. (ஒரு கதிரை உடைத்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள், இரட்டைப்படையாகவே இருக்கும்.) அந்தச் சமயத்தில் களையோடு போராடிய செடிக்குப் பிறகு எவ்வளவு யூரியா போட்டாலும் விட்டதைப் பிடிக்க முடியாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. களை தண்ணீரையும் உரத்தையும் பறிப்பதற்கு முன்பே மக்காச்சோளம் அதைத் தெரிந்துகொள்கிறது. பச்சை இலை மீது பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்பு குறைந்து தொலைச்சிவப்பு கூடியிருக்கும். இந்த மாற்றத்தை இளஞ்செடி உணர்ந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று உயரமாக வளரப் பார்க்கிறது. வேருக்குப் போக வேண்டிய சத்து தண்டுக்குப் போகிறது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். "களை சின்னதாகத்தானே இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவதில் உள்ள நஷ்டம் இதுதான்.

அட்ரசின் அடித்தும் மக்காச்சோளம் ஏன் சாவதில்லை?

நாம் பல ஆண்டுகளாக அட்ரசின் அடிக்கிறோம். சாதாரண வீரிய ஒட்டு மக்காச்சோளமே அதைத் தாங்குகிறது. இதற்கு யாரும் மரபணு மாற்றம் செய்யவில்லை.

அட்ரசின் செடிக்குள் போனதும் இலையில் உணவு தயாராகும் இடத்தில் உள்ள ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதோடு அந்த வேலை நின்று, செடி காய்ந்துவிடும். மக்காச்சோளத்தில் என்ன நடக்கிறது என்றால், மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஒரு நொதி அதைப் பிடித்து, குளூட்டாதயோன் என்ற பொருளோடு கட்டி, விஷத்தை முறித்துவிடுகிறது. சாரணைக்கு அந்த வசதி போதாது, அதனால் அது சாகிறது.

மருந்தைத் தாங்க இன்னொரு வழியும் உண்டு. மருந்து ஒட்டும் புரதத்தின் வடிவமே மாறிவிட்டால் மருந்துக்கு ஒட்ட இடம் இருக்காது. பூட்டை மாற்றினால் பழைய சாவி சேராதது போல. ஆனால் இந்தப் பூட்டு உணவு தயாரிக்கும் இயந்திரத்தின் ஒரு பாகம். அதை மாற்றினால் இயந்திரமே கொஞ்சம் மெதுவாக ஓடலாம். கடுகு குடும்பத்தைச் சேர்ந்த கனோலா பயிரில் இது நடந்தது. அட்ரசினைத் தாங்கும் களை ஒன்றின் குணத்தைக் கனோலாவுக்குள் கொண்டுவந்து, கனடாவில் 1984இல் 'ஓஏசி டிரைடன்' என்ற ரகத்தை வெளியிட்டார்கள். மருந்தைத் தாங்கியது. ஆனால் களை இல்லாத நிலத்தில் மற்ற ரகங்களைவிட மகசூல் கணிசமாகக் குறைந்தது. களை மிகுந்த நிலத்துக்கு மட்டும்தான் அது லாபமாக இருந்தது.

ஆகவே 'தாங்கும் திறன் மகசூலைக் குறைக்குமா' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த வழியில் தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. மக்காச்சோளம் அட்ரசினை முறிக்கும் வழி அதன் உணவுத் தயாரிப்பில் கை வைக்காத வழி. அந்த வகையில் நாம் அதிர்ஷ்டசாலிகள்.

எல்லா ஒட்டு ரகமும் ஒரே மாதிரி தாங்குமா?

தாங்காது. நம் விவசாயிகள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

அட்ரசின் விஷயத்தில் ரகத்துக்கு ரகம் பெரிய வித்தியாசம் தெரியாது. முளைத்த பின் அடிக்கும் புதிய மருந்துகளில் கதை வேறு. மீசோட்ரையோன், டெம்போட்ரையோன், டோப்ராமிசோன் போன்ற மருந்துகள் களையின் பச்சையத்தை வெளுக்க வைத்துக் கொல்பவை. அடித்த சில நாளில் களை வெள்ளை வெளேர் என்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். நிக்கோசல்ப்யூரான் வேறு வகையில் வேலை செய்யும் மருந்து. வேலை செய்யும் விதம் வேறாக இருந்தாலும், மீசோட்ரையோன், நிக்கோசல்ப்யூரான் உள்ளிட்ட பல மருந்துகளை மக்காச்சோளத்தில் முறிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுதான். அந்த மரபணு பழுதாகியிருந்தால் பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் பயிர் பலவீனமாகிவிடும்.

இதை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இனிப்பு மக்காச்சோளத்தில், அதாவது ஸ்வீட் கார்னில், விரிவாக ஆராய்ந்தார்கள். 'மெரிட்' என்ற பிரபலமான ஸ்வீட் கார்ன் ஒட்டு ரகம் நிக்கோசல்ப்யூரானுக்குச் செத்தே போகும். வேறு பல ஒட்டுகளில் ஒரு கீறல்கூட விழாது. காரணம் எளிது. ஒட்டு ரகத்துக்குத் தாய் ஒன்று, தந்தை ஒன்று. இருவரிடமிருந்தும் நல்ல மரபணு வந்திருந்தால் பயிர் மருந்தைத் தாங்கும். இருவரிடமிருந்தும் பழுதானது வந்திருந்தால் கடும் பாதிப்பு, மகசூல் இழப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் நல்லது வந்திருந்தால் நடுத்தரம். சாதாரண நாளில் தப்பிக்கும், பருவநிலை சரியில்லாத நாளில் அடி வாங்கும்.

தீவனத்துக்கும் தானியத்துக்கும் நாம் போடும் மஞ்சள் மக்காச்சோள ஒட்டுகள் பெரும்பாலும் நன்றாகத் தாங்கும். ஸ்வீட் கார்ன், பாப்கார்ன், பேபி கார்ன், இவற்றோடு விதை உற்பத்திக்காகப் போடும் பெற்றோர் வரிசைகள் ஆகியவற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். விதை உற்பத்தி ஒப்பந்தத்தில் சாகுபடி செய்பவர்கள் நிறுவனத்தின் களப் பணியாளர் எழுத்தில் சொல்லாமல் முளைத்த பின் மருந்து எதையும் அடிக்க வேண்டாம். பக்கத்து வயல்காரர் அதே மருந்தை அடித்து அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் ரகத்துக்குச் சான்று ஆகாது. ஸ்வீட் கார்ன் போடுபவர் புதிய மருந்தை முதல் தடவை அடிக்கும்போது இரண்டு மூன்று வரிசையில் மட்டும் அடித்து, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடரலாம்.

தாங்கும் ரகமும் சில நாட்களில் தாங்காது

மருந்தை முறிக்கும் நொதி சுறுசுறுப்பாக வேலை செய்ய, செடி நல்ல வளர்ச்சியில் இருக்க வேண்டும். தொடர் மழை, மேகமூட்டம், குளிர், வேரில் தண்ணீர் தேங்கி நிற்பது, கடும் வறட்சி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மருந்து முறிவது தாமதமாகும். இலை வெளுக்கும் அல்லது வரி வரியாக மஞ்சளாகும். லேசான வெளுப்பு என்றால் புது இலை பச்சையாக வந்து பயிர் தேறிவிடும், மகசூலில் தெரியாது. குருத்தே சுருண்டு வளர்ச்சி நின்றால் கதையே வேறு.

படைப்புழுவுக்கு மருந்து அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் (குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்றவை) மக்காச்சோளத்தில் களைக்கொல்லியை முறிக்கும் நொதியின் கையைக் கட்டிவிடும். நிக்கோசல்ப்யூரான், மீசோட்ரையோன் போன்ற மருந்துகளோடு இவை சேர்ந்தால், தனித்தனியாக அடித்தபோது ஒன்றும் ஆகாத பயிர்கூட வெந்து போகும். "ஒரே ஆள் கூலியில் இரண்டு வேலை" என்று ஒரே டேங்கில் கலப்பது இங்கே நஷ்டக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். படைப்புழுவுக்குப் பரிந்துரைக்கப்படும் எமாமெக்டின் பென்சோயேட், குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை அல்ல. என்றாலும் லேபிளில் சொல்லாத எதையும் களைக்கொல்லியோடு கலக்காமல் இருப்பதே நல்லது.

தெளிக்கும் முறையிலும் பயிர் அடி வாங்கும். வரிசை முடிவில் திரும்பும் இடத்தில் கை பம்பை நிறுத்தாமல் அடித்தால் அந்த மூலையில் இரண்டு மடங்கு மருந்து விழும். வயலின் நடுவில் பச்சையாகவும் வரப்போரத்தில் மட்டும் வெளுத்தும் இருந்தால் குற்றம் ரகத்தின் மேல் இல்லை.

மரபணு மாற்றிய மக்காச்சோளம் அதிகம் விளைகிறதா?

இப்போது கடைப்பேச்சில் அடிபடும் விஷயத்துக்கு வருவோம். கிளைபோசேட் அடித்தால் சாதாரண மக்காச்சோளம் களையோடு சேர்ந்து செத்துவிடும். அதைத் தாங்கும்படி மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய மக்காச்சோளம் அமெரிக்காவில் பெருமளவில் சாகுபடியாகிறது. கிளைபோசேட்டைத் தாங்கும் முதல் மக்காச்சோள ஒட்டுகள் 1998இல் அங்கே விற்பனைக்கு வந்தன. இன்று அங்குள்ள மக்காச்சோளப் பரப்பில் சுமார் 90 சதவீதம் ஏதாவது ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் விதைதான்.

அந்த மரபணு கதிரைப் பெரிதாக்குவதும் இல்லை, மணியின் எடையைக் கூட்டுவதும் இல்லை. அதன் ஒரே வேலை மருந்திலிருந்து செடியைக் காப்பது. அமெரிக்காவில் மக்காச்சோள மகசூல் பல பத்தாண்டுகளாக ஏறி வருவதற்குப் பெரும்பங்கு நல்ல பெற்றோர் வரிசைகளைத் தேர்ந்து ஒட்டுச் சேர்த்த வேலைக்கும், நெருக்கமாக விதைத்தாலும் மலடாகாத ரகங்களுக்கும், உரத்துக்கும் சேர வேண்டியது.

சொல்லப் போனால், தொடக்கத்தில் கொஞ்சம் இழுபறியும் இருந்தது. புதிய மரபணுவை முதலில் ஏதாவது ஒரு வரிசையில் சேர்க்கிறார்கள். அதை நல்ல மகசூல் தரும் வரிசைக்கு மாற்ற, திரும்பத் திரும்ப ஐந்தாறு தலைமுறை ஒட்டுச் சேர்க்க வேண்டும். அப்படியும் அந்த மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள சில வேண்டாத மரபணுக்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் கூடவே நாலு பேர் வருவது போல. இது ஒரு குறைவு. இந்த வேலைக்கு ஆகும் சில ஆண்டுகளில் வேறு புதிய ஒட்டுகள் வந்து, இந்த ரகம் வெளிவரும்போதே ஒரு படி பழையதாகிவிடும். இது இன்னொரு குறைவு.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த மாநிலத்தில் 1990 முதல் 2010 வரை நடந்த ஒட்டு ரகச் சோதனைகளை எடுத்து அலசினார்கள். கிளைபோசேட்டைத் தாங்கும் குணம் மட்டும் உள்ள ஒட்டுகள் சாதாரண ஒட்டுகளைவிட ஏக்கருக்குச் சுமார் 6 புஷல் குறைவாக விளைந்திருந்தன. ஒரு புஷல் மக்காச்சோளம் 25 கிலோ சொச்சம், ஆக 150 கிலோ அளவு. ஆனால் குளூபோசினேட் என்ற வேறு மருந்தைத் தாங்கும் ஒட்டுகள் ஏறக்குறைய அதே அளவு கூடுதலாக விளைந்திருந்தன. பொதுவாக, மரபணு மாற்றிய ஒட்டுகளில் ஓர் ஆண்டு ஏறி ஓர் ஆண்டு இறங்கும் ஏற்ற இறக்கம் குறைந்திருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவை ஒழுங்காகக் களை கட்டுப்படுத்திய சோதனை வயல்கள். களையே இல்லாத இடத்தில் தாங்கும் குணத்துக்கு வேலை இல்லை, அதனால் அதன் சின்னக் குறை மட்டும் வெளியே தெரிகிறது. களை மண்டிய வயலில் 150 கிலோ குறை ஒரு பொருட்டே இல்லை, அங்கே போகப் போவது பாதி மகசூல். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வயலிலும் சில ஆண்டுகளுக்கு முன் இவ்வகை மரபணு மாற்ற ஒட்டுகளைக் கட்டுப்பாட்டோடு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது சோதனை மட்டுமே.

இந்தியாவில் மரபணு மாற்றிய களைக்கொல்லி தாங்கும் மக்காச்சோள விதையை வணிகச் சாகுபடிக்கு விற்க அனுமதி கிடையாது. அப்படி ஒரு பாக்கெட்டை யாராவது ரகசியமாக நீட்டினால் மூன்று விதத்தில் ஆபத்து. ஒன்று, சட்டம். இரண்டு, பில் இல்லாத விதை முளைக்காவிட்டால் எங்கும் முறையிட முடியாது. மூன்றாவது பலர் யோசிக்காதது: அந்த விதை உண்மையிலேயே ஒட்டு விதைதானா, அல்லது எவரோ ஒட்டு ரகத்தில் விளைந்ததை எடுத்துவைத்து விற்கும் இரண்டாம் தலைமுறையா? ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் தாங்கும் மரபணு வந்த ஒட்டின் மறுவிதையில் நாலில் ஒரு பங்கு செடிக்கு அந்த மரபணுவே இருக்காது. மருந்து அடித்தால் நாலில் ஒரு செடி போகும். மிச்சம் நிற்பவற்றிலும் ஒட்டு வீரியம் பாதியாகக் குறைந்திருக்கும்.

சாதாரண மக்காச்சோளத்தில் கிளைபோசேட்டை "வரிசைக்கு நடுவில் மட்டும், தட்டு வைத்து" அடிக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. நம் நாட்டில் அந்த மருந்துக்குப் பதிவு இருப்பது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிர் இல்லாத இடத்துக்கும்தான். காற்றில் நாலு துளி குருத்தில் பட்டாலே அந்தச் செடி கதிர் வைக்காது.

மரபணு மாற்றம் இல்லாமலும் தாங்கும் திறனைக் கொண்டுவர முடியும். மருந்து கலந்த ஊடகத்தில் திசுக்களை வளர்த்து, பிழைத்ததைத் தேர்ந்தெடுத்து, இமிடசோலினோன் வகை மருந்துகளைத் தாங்கும் மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள். நம் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1979, 1985 ஆகிய நெல் ரகங்களும் இதே மருந்து வகையைச் சேர்ந்த இமாசெத்தாபைரைத் தாங்கும், மரபணு மாற்றம் செய்யாத ரகங்கள். மக்காச்சோளத்தில் இந்தக் குணம் அதிகம் உதவியது மேற்குக் கென்யாவில். அங்கே சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும். மண்ணுக்கு மேலே தலை காட்டுவதற்குள் சேதம் முடிந்துவிடும், களையெடுத்துப் பயன் இல்லை. தாங்கும் ஒட்டின் விதையின் மேல் இமாசாபைர் மருந்தைப் பூசி விதைத்தார்கள். வேரைத் தேடி வந்த சுடுமல்லி அங்கேயே செத்தது, சுடுமல்லி மண்டிய வயல்களில் விளைச்சல் நன்றாக ஏறியது. சுடுமல்லி இல்லாத நிலத்தில் அதே விதைக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. பூசிய விதையைத் தொட்ட கையோடு அவரை விதையைத் தொட்டால் அவரை முளைக்காது என்பதால், அங்கே விவசாயிகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் கை கழுவுவது.

களையும் கற்றுக்கொள்கிறது

வருடா வருடம் ஒரே வயலில் மக்காச்சோளம், ஒரே அட்ரசின் என்று போனால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நம் முள்ளுக்கீரைக்கு உறவான ஒரு களை, மக்காச்சோளம் எப்படி அட்ரசினைக் கட்டி முறிக்கிறதோ அதே வழியில் முறிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பயிர் வைத்திருந்த வித்தை களைக்கும் போய்விட்டது. 2009 வாக்கில் இல்லினாயிலும் அயோவாவிலும் அதே களை, வெளுக்க வைக்கும் புதிய மருந்துகளுக்கும் சாகாமல் நின்றது. அது முதலில் தலை தூக்கியது, அந்த மருந்துகளையே திரும்பத் திரும்ப அடித்த விதை மக்காச்சோள வயல்களில். நம் நாட்டில் ஹரியானா, பஞ்சாப் கோதுமை விவசாயிகள் 1990களின் தொடக்கத்தில் ஐசோபுரோட்டுரானுக்குச் சாகாத புல்லோடு பட்ட பாடு பெரியது. சிலர் பச்சைக் கோதுமையைக் களையோடு சேர்த்துத் தீவனத்துக்கு அறுத்துப் போட வேண்டியதாயிற்று.

ஒரு வயலில் களை எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தாங்கும் ரகமும் மகசூலைக் காப்பாற்றாது. அடித்த மருந்துக்குச் சாகாமல் ஒரே வகைக் களை திட்டுத் திட்டாக நின்றால், அதன் பக்கத்தில் அதே வயதுள்ள மற்ற களைகள் செத்திருந்தால், சந்தேகப்படுங்கள். அளவைக் கூட்டி மறுபடியும் அடிக்காமல், விதை கொட்டுமுன் கையால் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

நம் வயலுக்கு என்ன செய்யலாம்?

விதைத்த 3ஆம் நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, அட்ரசின் 50 சதவீதத் தூளைக் கைத்தெளிப்பானில் தட்டை விசிறி நாசில் பொருத்தி, பின்னோக்கி நடந்தபடி தெளிக்க வேண்டும். லேபிளில் உள்ள அளவு எக்டருக்கு 1 முதல் 2 கிலோ, அதாவது ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம். இலேசான மண்ணுக்குக் குறைந்த அளவு போதும். காய்ந்த மண்ணில் அடித்தால் காசு வீண். உளுந்து, தட்டைப்பயறு, சோயா என்று ஊடுபயிர் இருந்தால் அட்ரசின் கூடவே கூடாது. அதற்குப் பதில் பெண்டிமெத்தலின் 30 சதவீதம் ஏக்கருக்கு 1.3 லிட்டர் அடிக்கலாம்.

அதையும் தாண்டி முளைத்தவற்றுக்கு, களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது, தனிப்பயிராக உள்ள மக்காச்சோளத்தில் மட்டும், டெம்போட்ரையோன் (34.4 சதவீதத் திரவம்) ஏக்கருக்கு 115 மில்லி அல்லது டோப்ராமிசோன் (33.6 சதவீதத் திரவம்) ஏக்கருக்கு 30 மில்லி, அவற்றோடு வரும் ஒட்டுத்திரவத்தையும் சேர்த்து 200 லிட்டர் தண்ணீரில் தெளிக்கலாம். கோரை மட்டும் பிரச்சினை என்றால் இவற்றை நம்ப வேண்டாம். ஹாலோசல்ப்யூரான் மீத்தைல் 75 சதவீதக் குருணை ஏக்கருக்கு 36 கிராம் பயன்படும். களை முழங்கால் உயரம் வந்தபிறகு அடிப்பதில் பயன் குறைவு. செத்தாலும் அது பறித்துக்கொண்டது திரும்பி வராது.

40ஆம் நாள் வாக்கில் ஒரு கைக்களை அல்லது பவர் வீடர் ஓட்டி மண் அணைத்துவிட்டால், மருந்துக்குத் தப்பிய களை விதை கொட்டாது. எதிர்ப்புத் திறன் வராமல் தடுப்பதில் இந்த ஒரு வேலைக்கு ஈடான மருந்து எதுவும் இல்லை. மக்காச்சோளத்துக்கு அடுத்து பயறு, சூரியகாந்தி, காய்கறி போடப் போகிறவர்கள் அட்ரசின் அளவை ஏற்றாமல் இருப்பது நல்லது. மழை குறைந்த ஆண்டில், காரத்தன்மை உள்ள கரிசலில், அது நீண்ட நாள் மண்ணில் தங்கி அடுத்த பயிரின் முளைப்பைக் கெடுக்கும்.

உங்கள் ரகம் மருந்தைத் தாங்குகிறதா, மருந்தால் உங்களுக்கு மகசூல் மிஞ்சியதா என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரே மாதிரி மண் உள்ள இடத்தில், 60 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு வரிசையை 10 மீட்டர் நீளத்துக்குக் குச்சி நட்டுக் குறியுங்கள். இப்படி மூன்று துண்டு வேண்டும். முதல் துண்டில் மருந்தும் அடிக்காமல், களையும் எடுக்காமல் விடுங்கள். இரண்டாவதில் மருந்து இல்லாமல் கையால் மட்டும் களையெடுத்துச் சுத்தமாக வையுங்கள். மூன்றாவதில் வழக்கம்போல் மருந்து அடித்து, தப்பிய களையையும் பிடுங்கிவிடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் அறுத்து, ஒரே அளவு காயவைத்து, உதிர்த்து எடை போடுங்கள். முதல் துண்டுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் களை தின்றது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் மருந்து உங்கள் ரகத்துக்குச் செய்த சேதம், சேதம் இருந்தால். துண்டில் ஒரு கிலோ வித்தியாசம் என்றால் ஏக்கருக்கு 337 கிலோ. அடுத்த பருவத்தில் ரகத்தை மாற்றினால், இதே அளவை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.